கெளுத்தி மீனுக்கு ஒரு பந்தல்: தொட்டி வெளிச்சமும் மிதக்கும் செடிகளும்

வீட்டு மீன்தொட்டிக்குத் தலைகீழ்க் கெளுத்தியை, அதாவது மல்லாந்து நீந்தும் அந்தச் சின்ன மீனை, ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்கள் ஒரு வாரம் கழித்துக் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றேதான்: "அது உயிரோட இருக்கா?" தொட்டியில் விட்ட அன்று பார்த்ததோடு சரி. அப்புறம் மரக்கட்டைக்கு அடியில் எப்போதாவது ஒரு மீசை நுனி அசையும், அவ்வளவுதான். யோசனை கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். "கெளுத்தின்னா ராத்திரி மீன், லைட்டே போடாதீங்க." "நீல லைட் போடுங்க, நிலா வெளிச்சம் மாதிரி இருக்கும்." "மேலே கொஞ்சம் செடி மிதக்க விடுங்க, தானா வெளியே வரும்."

மூன்றாவதுதான் நல்ல யோசனை. ஆனால் அது ஏன் பலிக்கிறது என்று சொன்னவரைக் கேட்டால் பெரும்பாலும் தலையைச் சொறிவார். அந்தக் காரணம் தெரியாததால்தான் பலர் செடியையும் வாங்கிப் போட்டு, லைட்டையும் குறைத்து, செடி அழுகி, மீனும் ஒளிந்தபடியே கிடக்க, "இதெல்லாம் சும்மா" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் தொட்டியில் இதையேதான் செய்தேன்.

மே மாதத்து மதியம்

சித்திரை வெயிலில் ரோட்டில் நடந்து போகிறீர்கள். கண் கூசுகிறது, தலை சுடுகிறது. என்ன தேடுவீர்கள்? இருட்டறையையா? ஒரு புங்க மரம் கிடைத்தால் போதும் என்றுதான் தோன்றும். மரத்தடியில் நின்றால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, பேப்பர் படிக்கலாம், நாலு பேரோடு பேசலாம், மோர் குடிக்கலாம். வெயில் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தலைமேல் இல்லை, அவ்வளவே.

கெளுத்தி தேடுவதும் ஏறக்குறைய இதைத்தான். தொட்டி முழுவதும் லைட்டைக் குறைப்பது வானம் மூடிக்கொண்ட நாளைப் போன்றது. எங்கு போனாலும் ஒரே மங்கல், ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் வித்தியாசம் இல்லை. நிழல் அப்படியல்ல. அது ஓரிடத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. அதனால் மீனுக்குத் தேர்ந்தெடுக்க ஏதோ ஒன்று கிடைக்கிறது.

அளவைப் பார்த்தால் இன்னும் விளங்கும். ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். மர நிழலில் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இரவில் விளக்குப் போட்ட வீட்டுக் கூடம் 100 முதல் 300 லக்ஸ். பௌர்ணமி நிலவு 1 லக்ஸ்கூடக் கிடையாது. வெயிலுக்கும் கூடத்துக்கும் சில நூறு மடங்கு வித்தியாசம் இருந்தும் நமக்கு அது அவ்வளவாக உறைப்பதில்லை, ஏனென்றால் நம் கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. "எனக்கு இந்த லைட் சாதாரணமாத்தானே தெரியுது" என்பதை வைத்து மீனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது.

கடையில் குழப்புகிற இரண்டு சொற்களையும் இங்கேயே முடித்துவிடலாம். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம். 3,000 என்றால் மஞ்சள், 6,500 என்றால் பகல் வெள்ளை. "இது அதிக கெல்வின் சார், நல்லா பிரைட்டா இருக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இமையில்லாத கண்

நடு ராத்திரியில் யாரோ டியூப் லைட்டைப் போட்டால் நாம் என்ன செய்கிறோம்? இமையை இறுக மூடுகிறோம். கண்ணின் நடுவே உள்ள துளையான கண்பாவை ஒரு நொடியில் சுருங்குகிறது. கெளுத்திக்கு இமை கிடையாது. எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்பாவை சுருங்கி விரிவதும் இல்லை, அல்லது மிகக் குறைவு.

அப்படியானால் வெளிச்சத்தை எப்படிச் சமாளிக்கின்றன? வேலை கண்ணுக்குள்ளே நடக்கிறது. கண்ணின் பின்சுவரான விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உண்டு. குச்சி செல்கள் மங்கலான வெளிச்சத்துக்கு. கூம்பு செல்கள் பகலுக்கும் நிறத்துக்கும். மீனின் கண்ணில் வெளிச்சம் பட்டதும் குச்சி செல்கள் நீண்டுபோய், பின்னால் இருக்கும் கறுப்பு நிறமிக்குள் ஒளிந்துகொள்கின்றன. கூம்பு செல்கள் முன்னே வந்து நிற்கின்றன. இருட்டியதும் இடம் மாற்றிக்கொள்கின்றன.

இது மெதுவாக நடக்கும் வேலை. நம் இமை ரோலிங் ஷட்டர் என்றால், மீனுடையது பழைய மளிகைக் கடைகளில் இருந்த பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையாக எடுத்துப் பொருத்தி அடைக்க வேண்டும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இருட்டான தொட்டியில் திடீரென்று லைட்டைப் போட்டால் மீன் கண்ணாடியில் போய் மோதுவதற்கு இதுதான் காரணம்.

விதிவிலக்கும் உண்டு, அதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. 'டேங்க் கிளீனர்' என்று விற்கிற சக்கர் மீனும் ஒரு கெளுத்தி வகைதான். அதன் கண்பாவையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு சின்ன மடல் தொங்குகிறது. பகலில் அது விரிந்து பாவையைப் பாதி மறைக்க, கண் பிறை மாதிரித் தெரியும். இரவில் மங்கலான டார்ச்சில் பார்த்தால் மடல் சுருங்கி, பாவை வட்டமாகிவிட்டிருக்கும். தொப்பியின் முன்விளிம்பைக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறந்த மீன்!

இன்னொரு பக்கம், கெளுத்திக்கு இரை தேட வெளிச்சம் அதிகம் தேவையில்லை. அதன் மீசை வெறும் மீசையல்ல, நாக்கு. சுவை அரும்புகள் மீசையில் மட்டுமின்றி உடல் முழுவதும் பரவியிருக்கின்றன. சில வகைகளில் ஒரு லட்சத்துக்கும் மேல். நமக்கு வாயில் சில ஆயிரம்தான். ஆகவே வெளிச்சத்தால் அதற்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற நஷ்டமோ பெரிது. இந்தக் கணக்கில் ஒளிவதுதான் புத்திசாலித்தனம்.

தலைகீழாய் நீந்துகிறவர்

தலைகீழ்க் கெளுத்தியின் பெயர் சினோடோன்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ். ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுப் படுகைதான் ஊர். சுமார் பத்து சென்டிமீட்டர் வளரும். பெயரின் இரண்டாம் பாதிக்குக் 'கறுத்த வயிறு' என்று பொருள். இந்தப் பெயருக்குள்தான் நம் கதை இருக்கிறது.

பொதுவாக மீனின் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கறுத்த முதுகு ஆற்றின் அடித்தரையோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வெள்ளை வயிறு வானத்தோடு கலந்துவிடும். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருகிறது என்பதை நம்பிப் போட்ட சட்டை இது. நம்மாளோ மல்லாந்து நீந்துகிறவர். அதனால் சட்டையையும் திருப்பிப் போட்டுக்கொண்டார்: வயிறு கறுப்பு, முதுகு வெளிர். மிதக்கும் இலைகளுக்கும் விழுந்த மரங்களுக்கும் அடிப்புறத்தில் ஒட்டினாற்போல் நீந்தி, அங்கே இருக்கும் பாசியையும் நீர்ப்பரப்பில் விழும் பூச்சியையும் மேய்கிறார். தலைக்குமேல் ஒரு கூரை இருப்பது இவருக்குப் பிழைப்பு.

இதே குடும்பத்தின் இன்னொரு வகை நைல் நதியில் இருக்கிறது. பண்டைய எகிப்தியர்கள் தங்கள் கல்லறைச் சுவர்களில் மீன்களைச் செதுக்கியபோது அதைத் தலைகீழாகவே செதுக்கியிருக்கிறார்கள். சிற்பி கவனித்துப் பார்த்திருக்கிறார்.

"கெளுத்தி எல்லாமே ராத்திரி மீன்" என்பது மட்டும் உண்மையில்லை. கண்ணாடிக் கெளுத்தி, உடம்புக்குள்ளே முள் தெரிகிற அந்தத் தாய்லாந்து மீன், பகலில் கூட்டமாக நீந்தும். ஆனாலும் பளீரென்ற லைட் அதற்குப் பிடிக்காது. (பல ஆண்டுகள் வேறொரு மீனின் பெயரில் விற்கப்பட்டு, 2013இல்தான் அதற்குச் சொந்தப் பெயர் கிடைத்தது.) கோரிடோராஸ் என்னும் குட்டிக் கெளுத்தி பகலிலும் தரையைக் கிளறிக்கொண்டே திரியும். ராத்திரி மீன் என்பது வேறு, கூச்சமுள்ள மீன் என்பது வேறு.

இதுவரை பார்த்தது: கெளுத்தியால் கண்ணை மூட முடியாது, அதன் கண் வெளிச்சத்துக்கு மெதுவாகவே பழகும், வெளிச்சத்தால் அதற்கு லாபத்தைவிட ஆபத்து அதிகம். ஆனால் அது தேடுவது தலைக்கு மேல் ஒரு கூரையைத்தான். இனி அந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கிணற்றுக்குள்ளிருந்து வானம்

கிணற்றில் முங்கி மேலே அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். நீர்ப்பரப்பு முழுவதும் வெளிச்சமாக இருக்காது. தலைக்குமேல் ஒரு வட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கும். வானம், கிணற்று மேடு, எட்டிப் பார்க்கிற ஆள் எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கியிருக்கும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போலக் கிணற்றின் உட்புறத்தையே திருப்பிக் காட்டும்.

காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால் இப்படி. வெளியுலகம் மொத்தமும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் சுருங்கிவிடுகிறது. இதற்கு ஸ்நெல் சாளரம் என்று பெயர். அமைதியான நீரில் இருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் அதன் தலைக்குமேல் இப்படி ஒரு ஜன்னல் உண்டு; அது நகர்ந்தால் ஜன்னலும் கூடவே நகரும். கொக்கு வருவதும் அந்த வழியாகத்தான். நாம் மாட்டியிருக்கும் லைட்டும் அதே ஜன்னலில்தான் நாள் முழுவதும் எரிந்துகொண்டிருக்கிறது.

மிதக்கும் இலைகள் அந்த ஜன்னலை மூடுகின்றன. லைட்டை மங்கலாக்கினால் ஜன்னல் மங்கும், ஆனால் திறந்தேதான் கிடக்கும்.

குகையும் மண்சட்டியும் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பது என் அனுபவம். குகை வீடு மாதிரி. வெட்டவெளி தெரு மாதிரி. இரண்டு மட்டுமே இருந்தால் மீன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும், தெருவில் அதற்கு என்ன வேலை? மிதக்கும் செடியின் நிழல்தான் திண்ணை. வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல், தெருவிலும் இல்லாமல், நிழலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற இடம். திண்ணை கிடைத்த மீன் வெளியே வந்து உட்காருகிறது. மறைவைக் கூட்டினால் மீன் இன்னும் கண்ணில் படாது என்று தோன்றும்; நடப்பது நேர்மாறாக இருக்கும்.

தரையையும் மறந்துவிட வேண்டாம். வெள்ளை மணலோ பளிங்குக் கல்லோ போட்டால் லைட் கீழிருந்தும் திரும்பி அடிக்கும். கறுப்பு அல்லது பழுப்பு மணல் நல்லது.

செடி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும் விதம்

பந்தலுக்குக் கீற்று போடுகிறோம். கீற்று வெயிலைத் தடுக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. உயிருள்ள இலை வெயிலைச் சாப்பிடுகிறது. ஒளியையும் கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு இலை தனக்கு உணவு செய்துகொள்வதுதான் ஒளிச்சேர்க்கை. சிவப்பையும் நீலத்தையும் அது அதிகமாக எடுத்துக்கொள்கிறது. பச்சையில் கொஞ்சம் கீழே கசிகிறது. நல்ல தொட்டியில் இலைக்கு அடியில் ஒரு மெல்லிய பச்சை மங்கல் நிலவுவது இதனால்தான்.

மிதக்கும் செடிக்கு மூழ்கிய செடியைவிட ஒரு பெரிய வசதி. கரியமில வாயு நீரில் நகர்வதைவிடக் காற்றில் சுமார் பத்தாயிரம் மடங்கு வேகமாக நகரும். மூழ்கிய இலை அதற்காகக் காத்துக் கிடக்க, மிதக்கும் இலை நேராகக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. லைட்டுக்கும் அதுவே பக்கத்தில். ஆகவே வேகமாக வளர்கிறது. வளர்வதற்கான உரத்தை, அதாவது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும், நீரிலிருந்து உறிஞ்சுகிறது. நிழல் கொடுத்துத் தண்ணீரையும் சுத்தம் செய்கிறது.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். மீனுக்காக லைட்டைக் குறைக்கிறார்கள், அந்த மங்கலில் செடி வாடுகிறது, அழுகிய இலை தண்ணீரைக் கெடுக்கிறது. லைட்டைச் செடிக்காகப் போடுங்கள். மீனுக்கான நிழலைச் செடி பார்த்துக்கொள்ளும்.

இலை மூச்சு விடும் நுண்துளைகள் மிதக்கும் செடிகளில் இலையின் மேல்புறத்தில் இருக்கின்றன. மூடியிலிருந்து நீர்த்துளி சொட்டிக்கொண்டே இருந்தாலோ, ஃபில்டர் தண்ணீர் மேலே கொட்டி இலையைப் புரட்டிப் போட்டாலோ இலை அழுகும். மூடியில் ஓர் இடைவெளி விடுங்கள். ஃபில்டர் வாயைச் செடி இல்லாத பக்கம் திருப்புங்கள்.

எந்தச் செடி? தொடங்குகிறவர்களுக்கு சால்வினியா. இது பூக்காத பெரணி வகை. கீழே தொங்குவது வேர் மாதிரித் தெரிந்தாலும் அது உருமாறிய இலைதான். கொஞ்சம் பெரிய தொட்டி என்றால் பிஸ்டியா, நம் ஊர் ஆகாயத் தாமரை. குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும், நீண்ட வேர்த்தாடி தொங்கும். தலைகீழ்க் கெளுத்தி அந்தத் தாடிக்குள் மூக்கை நுழைத்து மேய்வதைப் பார்க்க வேண்டுமே! ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத் தாமரையையும் பலர் ஆகாயத் தாமரை என்றே சொல்வதால் வாங்கும்போது கவனம். அது தொட்டிக்குப் பெரிது. டக்வீட் என்னும் பொட்டு அளவுச் செடியை மட்டும் சேர்க்காதீர்கள். நல்ல சூழலில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும், பிறகு தொட்டியை விட்டுப் போகவே போகாது. குளத்திலிருந்து எடுத்து வந்த செடி என்றால் ஒரு வாரம் தனி வாளியில் வையுங்கள். நத்தையும் அட்டையும்கூடப் பரவாயில்லை, தும்பியின் நீர்ப்புழு வந்துவிட்டால் மீன்குஞ்சு மிஞ்சாது.

எவ்வளவு மூடலாம்

பாதி. அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்கு. முழுவதும் மூடினால் திண்ணையும் இல்லை தெருவும் இல்லை, எல்லாம் வீடாகிவிடும்.

மூச்சும் இதில் இருக்கிறது. ஆக்சிஜன் நீருக்குள் நுழைவது நீர்ப்பரப்பு வழியாக. பகலில் ஆக்சிஜன் வெளிவிடும் செடி, இரவில் மீனைப் போலவே ஆக்சிஜனைச் சுவாசிக்கும். விடியற்காலையில்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்நேரம் மீன்கள் மேலே வந்து வாய் திறந்தால் செடி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வெயில் காலத்தில் இன்னும் கவனம், சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கோரிடோராஸ், சக்கர், நம் ஊர் தேளி போன்றவை மேலே வந்து காற்றையே ஒரு வாய் குடித்துவிட்டுப் போகிற மீன்கள். அவற்றுக்குத் திறந்த இடம் இருந்தே ஆக வேண்டும்.

செடியை ஓரிடத்தில் நிறுத்த ஒரு மலிவான வழி: ஏர் பம்ப் டியூபை வளைத்து, இரு நுனிகளையும் இணைப்பானால் சேர்த்தால் மிதக்கும் வளையம். வளையத்துக்குள் செடி வராது. தீனியையும் அங்கேயே போடலாம்.

லைட்டுக்கு டைமர் வாங்குங்கள், ஏழு எட்டு மணி நேரம் போதும். காலையில் முதலில் அறை விளக்கு அல்லது ஜன்னல் வெளிச்சம், அரை மணி கழித்துத் தொட்டி லைட். பலகைக் கதவுக்கு நேரம் கொடுங்கள். லைட்டே போடாமல் இருப்பதும் சரியல்ல. மீனின் மூளையில் பீனியல் சுரப்பி என்று ஒன்று வெளிச்சத்தை நேரடியாக உணர்ந்து பகலையும் இரவையும் கணக்கு வைக்கிறது. பகல் வந்தால்தான் அந்தக் கணக்கு பிசகாமல் ஓடும்.

நீல 'மூன் லைட்' விஷயம். நிலா வெளிச்சம் நீலமே இல்லை, அது நிலாவின்மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி. குச்சி செல்கள் அதிகமாக உணர்வது நீலப் பச்சையைத்தான். ஆக அந்த நீல விளக்கு நமக்கு மங்கல், மீனுக்கு வெளிச்சம். சிவப்பு விளக்கு மீனுக்குத் தெரியாது என்பதும் தவறு, நன்னீர் மீன்கள் பல சிவப்பை நன்றாகவே பார்க்கும். இரவில் பார்க்க ஆசையென்றால் அறையின் மறுகோடியில் ஒரு சின்ன விளக்கைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். மூழ்கும் தீனியையும் லைட் அணைந்த பிறகே போடுங்கள். பகலில் போட்டால் மற்ற மீன்கள் முடித்துவிடும், கெளுத்தி பட்டினி.

செடி கிடைக்காதவர்களுக்கு வாதாங்கொட்டை மரத்துச் சருகு இருக்கிறது. காய்ந்து விழுந்த இலையைக் கழுவிப் போட்டால் ஓரிரு நாளில் நீர் தேநீர் நிறத்துக்கு வரும். பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆறு இயற்கையாகவே பால் ஊற்றாத காப்பி நிறம்தான். அந்தக் கறை ஒளியின் நீலப் பகுதியை வடிகட்டிவிடும். ஆனால் கறைநீர் தரும் மங்கல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும், திண்ணை ஆகாது. பிஸ்டியாவோடு சேர்த்துப் போட்டால் அழகு.

மிஞ்சிய செடியை என்ன செய்வது

வாரம் ஒரு கைப்பிடி அள்ள வேண்டிவரும். அதைக் குளத்திலோ கால்வாயிலோ போட்டுவிடாதீர்கள். சால்வினியாவில் ஒரு வகை கேரளத்தின் காயல்களையும் வயல்களையும் மூடிக்கொண்டது. அங்கே அதற்கு 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று பெயர், உண்மையில் அது பிரேசிலிலிருந்து வந்தது. அதை அடக்க 1980களில் ஒரு சிறு கூன்வண்டை இறக்கி விட வேண்டியதாயிற்று. சக்கர் மீனும் அப்படித்தான்: தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று யாரோ ஏரியில் விட, இன்று மீனவர் வலையைக் கிழிக்கிறது. அள்ளிய செடியை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டு ரோஜாத் தொட்டியில் போடுங்கள். மீன் கழிவை உறிஞ்சி வளர்ந்த செடி, உரமாக நன்றாகவே வேலை செய்கிறது.